துணிக்குப் போகாதே என்று எழுதச் சொன்னார்கள்

ஊர்க் கமிட்டிக்காரர்கள் கடைக்குள் வந்தபோது நான் ஒரு ஞானஸ்நான அழைப்பிதழில் மாதா படத்தை எங்கே வைப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். திருச்செந்தூர் சாலையில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே இருக்கிறது என் கடை. டைப்பிங், ஜெராக்ஸ், நோட்டீஸ், போஸ்டர். எங்கள் ஊரில் பிள்ளை பிறந்தாலும், பெரியவர் செத்தாலும், கலெக்டருக்கு மனு போனாலும் என் கை படாமல் போகாது. வாய் நீளமானவள் என்று எனக்குப் பேர். இருக்கட்டும். எழுத்து வேண்டுமென்றால் இந்த வாய்க்காரியிடம்தானே வருகிறார்கள்.

தலைவர் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். "எம்மா, ஒரு நோட்டீஸ் அடிக்கணும். கோயில் செவத்துல ஒட்டணும், மைக்குலயும் வாசிக்கணும். நம்ம ஊரு வள்ளம் எதுவும் இனிமே லாஞ்சுக்காரன் துணிக்குப் போகக் கூடாது. மீறிப் போனா ஊர விட்டுத் தள்ளி வைப்போம். அவ்வளவுதான்."

துணி என்றால் என்னவென்று கடற்கரைக்கு வெளியே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். நடுக்கடலில் எஞ்சின் நின்றுபோனால், படகில் தண்ணீர் ஏறினால், உடுத்தியிருக்கும் கைலியையோ சட்டையையோ அவிழ்த்து ஒரு கம்பில் கட்டி வீசுவார்கள். இப்போது செல்போன் இருக்கிறது, வயர்லெஸ் இருக்கிறது. சிக்னல் கிடைக்காத இடத்தில் துணிதான் இருக்கிறது. அதைக் கண்டவன் வலையில் எவ்வளவு மீன் கிடந்தாலும் விட்டுவிட்டுப் போக வேண்டும். எந்த ஊர், என்ன சாதி, முந்தின நாள் அவனோடு அடிதடியா என்றெல்லாம் பார்க்கக் கூடாது. இதை யாரும் எங்கும் எழுதி வைத்ததில்லை. முதல் தடவையாக எழுதச் சொல்கிறார்கள், அதுவும் போகாதே என்று.

அவர்கள் கோபத்தில் பொய் கிடையாது. எங்களுடையது வள்ளங்கள், அதாவது சின்ன நாட்டுப்படகுகள், மட்டும் இருக்கிற ஊர். சாயங்காலம் போய் வலையைக் கடலில் விட்டுவிட்டு, விடிகிற நேரத்தில் எடுத்துக்கொண்டு வருவார்கள். தூத்துக்குடியிலிருந்து புறப்படும் லாஞ்சுகள், அதாவது பெரிய விசைப்படகுகள், கரையை ஒட்டி வரக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. சட்டம் இருக்கிறது, லாஞ்சும் வருகிறது. அந்த வாரம் விடியற்கால இருட்டில் வந்து எங்கள் வலைகளை அறுத்துக்கொண்டு போய்விட்டன. அதில் என் வீட்டுக்காரருடைய வலையும் ஒன்று. கரையில் இழுத்துப் போட்டபோது பூனை பிறாண்டிய கொசுவலை மாதிரிக் கிடந்தது. அன்றைக்கு நான் லாஞ்சுக்காரர்களைத் திட்டிய திட்டை அச்சில் ஏற்ற முடியாது.

அதனால் உடனே அடிக்கத்தான் உட்கார்ந்தேன். 'நம் ஊர் வள்ளங்கள் எதுவும்' என்பது வரை வந்தது. அதற்குமேல் விரல் ஓடவில்லை. கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர் ஒரு நாள் முழுக்கத் திரும்பாமல் போய், அவர் வீசிய துணியைப் பார்த்து வந்தவர்கள் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்ததால்தான் நான் இன்றைக்கு வெள்ளைச் சேலை கட்டாமல் இருக்கிறேன்.

அதைச் சொன்னேன். தலைவர் சிரித்தார். "வந்தது யாரு? ஆலந்தலை ஊரு வள்ளம். லாஞ்சு வரலியே?"

உண்மைதான். லாஞ்சு வரவில்லை. ஆனாலும் இந்த வாக்கியத்தை என் கடை மெஷினில் அடிக்கப் போவதில்லை என்று மனசுக்குள் முடிவு செய்துவிட்டேன். மாதா கோயில் சுவரில் ஒன்று ஏறிவிட்டால் எங்கள் ஊரில் அதுதான் வேதம். நாளைக்கு ஒருவன் துணி வீசுவான், எங்கள் ஆள் பார்ப்பான், சுவரில் இருப்பது அவன் கண்ணுக்கு முன்னால் வரும், வள்ளத்தைத் திருப்புவான். அந்தச் சாவு என் கையால் டைப் ஆனதாக இருக்கும்.

வெறுமனே மாட்டேன் என்று சொல்வதால் பிரயோஜனம் இல்லை. திருச்செந்தூரில் டைப்பிங் கடைகளுக்கா பஞ்சம்? ஆகவே குரலை இறக்கி, "ஞாயித்துக்கிழமை பூச முடிஞ்சு ஊர்க்கூட்டம் இருக்குல்லா, அதுல வாசிக்குற மாதிரி நல்லா எழுதித் தாரேன் அண்ணாச்சி" என்றேன். நான் இன்னும் காரமாக எழுதப் போகிறேன் என்று நினைத்து, திருப்தியாகப் போனார்கள்.

அன்று மதியமே எழுதினேன். 'அன்பார்ந்த ஊர் மக்களே, விசைப்படகுத் தொழிலாளர்களும் மனிதர்களே' என்று ஆரம்பித்து ஒரு பக்கம். எனக்கே கண் கலங்கியது. என் வீட்டுக்காரர் குசினியில் உட்கார்ந்து மீன் குழம்பைப் பிசைந்துகொண்டிருந்தார். வாசித்துக் காட்டினேன்.

"ஏளா, அவனுவ மனுசன் இல்லன்னு யாரு சொன்னா?" என்றார். "மனுசங்கதான். வலைய அறுத்த மனுசங்க. மாடா வந்து அறுத்துச்சு?"

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. குழம்புச் சட்டியை அவர் பக்கத்திலிருந்து நகர்த்தி வைத்தேன். ஆனால் அவர் சொன்னது சரி. நான் எழுதியது வாழ்த்து அட்டை. பிறந்ததிலிருந்து லாஞ்சுக்காரனைத் திட்டுகிறேன், ஒரு லாஞ்சுக்காரனிடமும் உட்கார்ந்து பேசினது கிடையாது. ஆளைத் தெரியாமல் ஆளைப் பற்றி எழுதினால் இப்படித்தான் இருக்கும்.

மறுநாள் பேப்பர் கட்டு வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத் தூத்துக்குடிக்குப் பஸ் ஏறினேன். மீன்பிடித் துறைமுகத்தில் லாஞ்சுகள் எல்லாம் கடலுக்குப் போயிருந்தன. எஞ்சின் பழுதாகி ஒன்று மட்டும் கட்டிக் கிடந்தது. அதன் நிழலில் உட்கார்ந்து வேலையாட்கள் கிழிந்த வலையை ஊசியால் பொத்துக்கொண்டிருந்தார்கள். நான் டிவியிலிருந்து வந்திருக்கிறேனா, கட்சியிலிருந்து வந்திருக்கிறேனா என்று கேட்டார்கள். என் ஊர்ப் பேரைச் சொன்னேன். எல்லோரும் குனிந்து வலையைப் பார்த்தார்கள். என் தம்பி வயசில் ஒருவன் மட்டும் தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"சண்டைக்கு வந்தீயளாக்கா?" என்றான்.

"ஆமா. ஆனா மொதல்ல கேட்டுட்டுச் சண்ட போடுதேன்" என்றேன்.

அதற்குச் சிரித்து, ஐஸ் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து எனக்கு இடம் போட்டான். எந்தக் கடற்கரை என்று கேட்டேன். கடற்கரையே இல்லையாம். விளாத்திகுளம் பக்கம். அப்பனுக்கு மானாவாரி நிலம், மழை ஏமாற்றி ஏமாற்றி விதைப்பதையே விட்டுவிட்டார்கள். யாரோ ஒரு சொந்தக்காரன் கூட்டிக்கொண்டு வந்து லாஞ்சில் ஏற்றிவிட்டான்.

"நீச்சல் எங்க படிச்ச?" என்று சும்மாதான் கேட்டேன்.

"தெரியாதுக்கா. எங்க ஊர்க் கம்மாயில முழங்கால் தண்ணி நின்னா அதிசயம்."

எங்கள் ஊர்ப் பிள்ளைகள் நடை பழகும் முன்னே அலையில் உருளும். நீச்சல் தெரியாத ஒருவன் தினமும் நடுக்கடலுக்குப் போய் வருகிறான் என்பது என் தலைக்குள் ஏற நேரம் பிடித்தது. பயமாக இல்லையா என்றேன்.

"மொத நாளு அழுதேன். அப்ப இவரு சொன்னாரு, லேய் பயப்படாத, ஒண்ணுன்னா துணிய வீசுவோம், எவனாவது வருவான்னு. அத நம்பித்தான் ஏறுனேன்."

பக்கத்தில் இருந்த டிரைவரைக் காட்டினான். படகை ஓட்டுகிற ஆள், கொஞ்சம் வயசானவர். அவரைப் பார்த்ததும் என் வலை ஞாபகம் வந்து மறுபடியும் கொதித்தது. "அப்ப எங்க வலைய ஏன் அறுக்கிய? கரைய ஒட்டி ஏன் வாரிய?" என்றேன். குரல் உயர்ந்துதான் போனது.

அவர் ஊசியைக் கீழே வைக்கவில்லை. "ராத்திரிக்குள்ள திரும்பணும்னு சட்டம். தூரம் போனா டீசல் கட்டாதுன்னு மொதலாளி சொல்லுதாரு. நடுவுல நாங்க. கிட்ட வாரது தப்புதான், இல்லங்கல. ஆனா ஒண்ணு சொல்லுதேன், கோபப்படாதீய. உங்க வலையில லைட்டு இல்ல. கொடியும் இல்ல. லாஞ்சுக்கு அடியில இருக்க விசிறியில சுத்தி எஞ்சின் மொணங்குன பொறவுதான் வல கெடக்குன்னே தெரியும்." கொஞ்சம் நிறுத்தி, "சில சமயம் தெரிஞ்சும் போயிருக்கோம். அவசரத்துல" என்றார்.

டீ வாங்கிக் கொடுத்தார்கள். அவர் கடைசியாகச் சொன்னதற்காக அதைக் குடிக்கக் கூடாது என்று நினைத்தேன். அவர் அதை மறைக்காமல் சொன்னதற்காகக் குடித்தேன்.

பஸ்ஸில் திரும்பும்போது லைட்டு விஷயம்தான் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. ஏனென்றால் அது பொய் இல்லை என்று எனக்குத் தெரியும். எங்கள் கடலுக்கு அடியில் பார் என்று சொல்கிற கல்திட்டுகள் இருக்கின்றன. ஒரு காலத்தில் முத்துச் சிப்பி விளைந்த இடங்கள், இன்றைக்கும் மீன் கூடுகிற இடங்கள். கோயில் கோபுரத்தையும் கரையில் இருக்கிற வேறொரு அடையாளத்தையும் நேராகப் பிடித்து ஒவ்வொருவரும் தன் பாரைக் கண்டுபிடித்து வைத்திருப்பார்கள். அடுத்தவனுக்குக் காட்டிக்கொடுக்க மாட்டார்கள். வலையில் விளக்கு எரிந்தால் பக்கத்து வள்ளத்துக்காரன் பார்த்துவிடுவான், நாளைக்கு அவனும் அங்கே வலை விடுவான். ஆகவே வலை மிதவையில் கட்ட வேண்டிய விளக்கைக் கழற்றிவிடுவார்கள். கொடியையும் சுருட்டிவிடுவார்கள். ஊரே செய்கிறது. இதில் கில்லாடி என் வீட்டுக்காரர். சங்கு குளிக்கப் போன காலத்திலேயே கடலடியைக் கண்ணால் பார்த்துப் படித்த ஆள், தன் பாரை என்னிடம்கூடச் சொன்னதில்லை. சொந்த ஊர்க்காரனுக்குப் பயந்து விளக்கை அணைத்துவிட்டு, லாஞ்சுக்காரன் பார்க்கவில்லை என்று திட்டுகிறோம்.

இதை எழுதுவதா விடுவதா என்று யோசித்தேன். எழுதாவிட்டால் நோட்டீஸ் அரைப் பொய். எழுதினால் வீட்டில் இடி விழும்.

கலெக்டருக்கு மனு எழுதிப் பழகியதில் நான் கற்றது ஒன்றுதான். வாசிக்கிறவர் எங்கே நிற்கிறாரோ அங்கே போய் அவரோடு நிற்க வேண்டும், அப்புறம்தான் கையைப் பிடித்து நகர்த்த முடியும். எங்கள் ஆட்கள் எங்கே நிற்கிறார்கள்? கிழிந்த வலைக்கு முன்னால். ஆகவே வலையில் ஆரம்பித்தேன். அறுந்த வலை பூனை பிறாண்டிய கொசுவலை மாதிரிக் கரையில் கிடந்ததை எழுதினேன். லாஞ்சுக்காரர் செய்வது அநியாயம் என்று பட்டவர்த்தனமாக எழுதினேன், தெரிந்தும் சில சமயம் போகிறார்கள் என்பதையும் சேர்த்து. பாவம் என்ற சொல்லை எங்கும் போடவில்லை. மனிதர்களே என்ற சொல்லையும் அடித்துவிட்டேன். பிறகு இப்படி வந்தது:

'அந்த லாஞ்சில் நீச்சல் தெரியாத ஒருவன் இருக்கிறான். மழை இல்லாத ஊர்க்காரன். ஆபத்து என்றால் துணி வீசலாம், யாராவது வருவார்கள் என்று சொல்லி அவனைப் படகில் ஏற்றியிருக்கிறார்கள். அந்த யாராவது நாம்தான். நம்மைப் பார்த்ததுகூட இல்லாமல் நம்மை நம்பிக் கடலுக்கு வருகிறான்.'

அதற்குக் கீழே விளக்கைப் பற்றி எழுதினேன். யார் பேரையும் போடவில்லை.

சனிக்கிழமை என் வீட்டுக்காரரிடம் தாளைக் கொடுத்தேன். வாசல்படியில் உட்கார்ந்து வாசித்தார். முடித்ததும் மடித்தார். மறுபடியும் விரித்து அந்த விளக்குப் பத்தியை மட்டும் பார்த்தார்.

"ஏளா, இதத்தான் கூட்டத்துல வாசிக்கணுமா?"

"ஆமா. உங்க பேரு இல்லல்லா."

"நீ எம் பொண்டாட்டின்னு ஊருக்கே தெரியும். பேரு எதுக்கு?"

தாளை என் மடியில் போட்டுவிட்டு எழுந்து போனார். எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே இன்னும் ஒரு பிரதி எடுத்து வைத்தேன், கோபத்தில் அதைக் கிழித்துப் போட்டாலும் போடுவார் என்று.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் முற்றத்தில் கூட்டம். சாமியாருக்கு உதவியாக இருக்கிற உபதேசியார்தான் மைக்கில் வாசிக்க வேண்டும். முதல் பக்கம் வரை நன்றாகவே வாசித்தார், வலை அறுந்த இடத்தில் பெண்கள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார்கள். அடுத்த பக்கத்தில் கண்ணை ஓட்டியவர், "நீயே வாசிம்மா, எனக்குத் தொண்ட கட்டிருக்கு" என்று மைக்கை என் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்தார். நல்ல தொண்டை அது. நான் வாசித்தேன். நீச்சல் தெரியாது என்ற இடத்தில் பின்னால் இருந்து ஒரு சிரிப்பு எழுந்தது. அடுத்த வரிக்கு அந்தச் சிரிப்பு இல்லை. விளக்கைப் பற்றி வந்ததும் கூட்டம் கல்லெறிந்த குளவிக்கூடு ஆகிவிட்டது.

தலைவர் கையைக் காட்டி அடக்கினார். "எம்மா, நீ நம்ம ஊருக்கு எழுதிருக்கியா, லாஞ்சுக்காரனுக்கு எழுதிருக்கியா?"

"நம்ம ஊருக்குத்தான் அண்ணாச்சி. லாஞ்சுக்காரனுக்கு எழுதணும்னா வேற எழுதுவேன், அதையும் எழுதத்தான் போறேன். இங்கன வாசிக்கிறது நம்மட்ட சொல்ல வேண்டியது."

கூச்சல் அடங்கவில்லை. கடைசியில் நோட்டீஸ் விஷயத்தை ஒத்திவைத்தார்கள். போகாதே என்பதும் ஒட்டப்படவில்லை, போ என்பதும் ஒட்டப்படவில்லை, அவரவர் மனசுப்படி என்றாகிவிட்டது. அப்போது என் வீட்டுக்காரர் எழுந்தார். என்னைப் பார்க்காமல், ஊரைப் பார்த்துச் சொன்னார். "என் மனசுப்படின்னா, நான் போமாட்டேன். என் வலைய அறுத்தவன் துணிய வீசுனாலும் சரி, சட்டையக் கிழிச்சு வீசுனாலும் சரி."

கைதட்டினார்கள். என் காது இரண்டும் எரிந்தது.

அதன்பிறகு என்னை 'லாஞ்சுக்காரி' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். தண்ணீர்க் குழாயடியில், "ஏளா லாஞ்சுக்காரி, இன்னைக்கு எத்தன வல அறுத்த?" என்று கேட்பார்கள். ஜெராக்ஸ் எடுக்கக்கூட சிலர் திருச்செந்தூருக்குப் போனார்கள். நான் எழுதியதை என் கடைக் கண்ணாடியில் ஒட்டினேன். கிழித்தார்கள். மறுபடியும் ஒட்டினேன். எத்தனை தடவை கிழித்தாலும் பிரிண்டர் என்னுடையது என்பதை மறந்துவிட்டார்கள். சொன்னபடியே, கரையை ஒட்டி வராதே என்று லாஞ்சு முதலாளிகளுக்கும் ஒன்று எழுதிப் பிரதிகளைத் துறைமுகத்தில் நானே போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். வீட்டில் பேச்சு வார்த்தை சோறு, குழம்பு என்ற அளவோடு நின்றது. அவர் வழக்கம்போல விளக்கைக் கழற்றி வள்ளத்து மூலையில் போட்டுவிட்டுத்தான் போனார். வேண்டுமென்றே என் கண் பார்க்கப் போட்டார்.

மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று பலமாக அடித்த ஒரு நாள் காலையில் எல்லா வள்ளங்களும் வந்துவிட்டன, எங்கள் வள்ளத்தைத் தவிர. போன் போகவில்லை. கடையைப் பூட்டாமல் கரைக்கு ஓடினேன். அவர் எங்கே வலை விடுவார் என்று யாருக்கும் தெரியாது, தேடப் போகிறவர்கள் எந்தத் திசையில் போவது என்று என்னைக் கேட்டார்கள். எனக்கும் தெரியாது. மனைவியிடம் சொல்லாத பார். துணி வீசிக்கொண்டிருப்பாரோ, யாராவது பார்த்திருப்பார்களோ, பார்த்தவன் எந்தச் சுவரில் எதை வாசித்தவனோ என்று நினைத்துக்கொண்டே கடலோரம் இங்கும் அங்கும் நடந்தேன்.

வெயில் ஏறின பிறகு வள்ளம் தெரிந்தது. கரையில் இழுத்ததும் எல்லோரும் வலையைத்தான் பார்த்தார்கள். பாதிதான் இருந்தது. ஓரம் முழுக்க அறுபட்டுத் தொங்கியது. இளவட்டங்கள் கத்த ஆரம்பித்துவிட்டார்கள். தலைவர் முன்னால் வந்து, "லேய், எந்த லாஞ்சு? நம்பரப் பாத்தியா? எவன் அறுத்தான்?" என்றார்.

என் வீட்டுக்காரர் வலையைச் சுருட்டிக்கொண்டே பதில் சொன்னார்.

"நாந்தான் அறுத்தேன்."

வீட்டுக்கு வந்து, குளித்து, குசினியில் உட்கார்ந்தார். சோறு வைத்தேன். பாதிச் சோற்றில் தானாகவே சொன்னார். விளக்கில்லாத அவர் வலை ஒரு லாஞ்சின் விசிறியில் சுற்றி எஞ்சின் நின்றுபோயிருக்கிறது. காற்று அதை ஆழமில்லாத ஒரு பார்ப் பக்கம் தள்ளிக்கொண்டு போயிருக்கிறது. மோதினால் பலகை பிளந்துவிடும். இவரைக் கண்டதும் துணி வீசியிருக்கிறார்கள். இவர் வள்ளத்தைக் கரைப் பக்கம் திருப்பிவிட்டார். கொஞ்ச தூரம் வந்தும்விட்டார். பிறகு திரும்பிப் போய், கத்தியோடு அடியில் முங்கி, அலை தூக்கித் தூக்கி அடிக்க, தன் வலையைத் தானே அறுத்து விசிறியை விடுவித்திருக்கிறார்.

"ஏன் திரும்பிப் போனிய?" என்று கேட்டேன். ஊருக்கு முன்னால் கைதட்டு வாங்கின மனுஷன் ஆயிற்றே, கேட்காமல் விட முடியுமா?

கோபமாகத்தான் நிமிர்ந்தார்.

"எல்லாம் உன்னாலதான். நீச்சல் தெரியாத ஒருத்தன் இருக்கான்னு எழுதுன. எவன்னு எழுதுனியா? வரிசையா நிக்கான், ஒவ்வொரு மூஞ்சியாப் பாக்கேன். எல்லாவனும் அவனாட்டமேதான் இருந்தான்."